தோள்மேல் அந்தக் கை

அவருடைய முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில் இல்லை. கை நினைவிருக்கிறது. குட்டையான விரல்கள், ஒரு சிவப்புக்கல் மோதிரம், உள்ளங்கையில் எப்போதும் கொஞ்சம் ஈரம். அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. யாராவது கண் தெரியாத ஒருவரின் தோளில் அது இருக்கும். இல்லையென்றால் அடுத்த தோளைத் தேடிக்கொண்டிருக்கும்.

அந்த நாட்களில் கண்டியில் பார்வையற்றவர்களுக்கென்று ஒரு சிறு சங்கம் இருந்தது. நகரத்துக் கடைக்காரர்களும் சில புரொக்டர் வக்கீல்மாரும் சேர்ந்து ஆரம்பித்தது. மஹய்யாவையில் ஒரு வாடகை வீடு எடுத்து, போக்கிடம் இல்லாத ஆண்களை முன்பக்கமும் பெண்களைப் பின்பக்கமுமாக வைத்திருந்தார்கள். அவர்கள் பிரம்புக் கதிரைகளுக்கு இருக்கை பின்னினார்கள். தென்னந்தும்பில் கால்மிதி முடைந்தார்கள். தலைவர் என்று ஒருவர் உண்டு. அவர் மாலை போட்டுக்கொள்ள ஆண்டுக்கொருமுறை வருவார். மற்ற நாட்களில் சங்கம் என்றால் செயலாளர்தான். எல்லோருக்கும் அவர் 'செக்ரட்டரி ஐயா'. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். வேட்டி, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, தலைப்பாகை, குடை. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே உடுப்பு.

நான் கொழும்பில் கண் வார்டில் நர்ஸ் பயிற்சி முடித்து ஊர் திரும்பி, இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வாரத்துக்கு ஒரு பின்னேரம் சங்க வீட்டுக்குப் போய், கண் கழுவி, துளிமருந்து விட்டு, புண் இருந்தால் பார்த்துவிட்டு வருவது என் பொறுப்பாயிற்று. அப்படித்தான் அவரை அறிந்தேன். முதல் வருடத்திலேயே அவரைப் பற்றி மூன்று விஷயங்களைக் கவனித்து வைத்தேன்.

முதலாவது, அவர் கண் தெரியாத எவருடனும் நேரே பேசமாட்டார். அவர்களைப் பற்றி, அவர்களுடைய தலைக்கு மேலாக, பக்கத்தில் நிற்கும் கண் தெரிந்தவரிடம் பேசுவார். சமையற்காரி தேத்தண்ணி கொண்டு வருவாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்பார்: "பிள்ளை, இவருக்குச் சீனி போடுறதோ?"

'இவர்' என்பது பிலிமத்தலாவையில் சில்லறைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை முழுக்கப் போனவர். எல்லோரும் அவரை நானா என்போம். நானா கதிரைப் பின்னலை விட்டுக் கை எடுக்காமலே சொன்னார்:

"ஐயா, எனக்குக் கண்ணுதான் இல்ல. காது நல்லா ஈக்கிது, வாயும் ஈக்கிது. சீனி வேணுமாண்டு எங்கிட்டயே கேளுங்களே."

செக்ரட்டரி ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பகிடிக்காரர், என்ன? போடு பிள்ளை, ரெண்டு கரண்டி போடு."

"எனக்குச் சீனி ஒத்துக்காது" என்றார் நானா, கதிரையிடம்.

இரண்டாவது, அவர் யாரையும் தனியே நடக்க விடமாட்டார். நானா தடியைத் தட்டிக்கொண்டு வெற்றிலை வாங்கச் சந்தைக்குத் தனியே போய் வருகிற மனிதர். ஆனால் செக்ரட்டரி ஐயா வீட்டில் இருக்கும் நேரத்தில் அவர் கொல்லைக்குப் போக எழுந்தாலும், அந்தக் கை பின்னாலிருந்து வந்து தோளைப் பிடித்து, தள்ளுவண்டியைத் தள்ளுவதுபோல முன்னே தள்ளும். கண் தெரியாதவரைப் பிடித்துத் தள்ளக்கூடாது, நம் முழங்கையை அவரிடம் கொடுத்து அவரே பிடித்துக்கொள்ள விடவேண்டும் என்பது எனக்குப் பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தரப்பட்டது. அதை அவரிடம் மரியாதையாகவே சொன்னேன்.

"நான் இவையளோட எத்தினை வருசம்? நீ இண்டைக்கு வந்தனீ" என்றார். கோபம்கூட இல்லை. கோபப்படும் அளவுக்கு என் பேச்சு அவர் காதில் ஏறவில்லை.

ஒருமுறை எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். கண்ணைப் பார்த்தால் சனம் அருவருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த வீட்டில் இரண்டு பேருக்கு நிழல்போலக் கொஞ்சம் தெரியும். கறுப்புக் கண்ணாடியைப் போட்டதும் அந்தக் கொஞ்சமும் போய், ஒருவர் வாசற்படியில் தடுக்கி விழுந்தார். அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு செக்ரட்டரி ஐயா வெற்றியோடு என்னைப் பார்த்தார்.

"கண்டியே? கையைப் பிடிக்காட்டி இப்பிடித்தான்."

அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெட்டவராக இருப்பதற்குக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, ஊர்வலம். ஆண்டுக்கொரு நாள் சங்கத்தார் எல்லோரும் வெள்ளை உடுத்து, ரயில் நிலையத்திலிருந்து பட்டணம் சுற்றி, வாவிக்கரை வழியாக மண்டபத்துக்கு நடந்து போவார்கள். அங்கே கூட்டம், பேச்சு, துணி கொடுத்தல். முன்னால் பேண்டு வாத்தியம். அதன் பின்னால் செக்ரட்டரி ஐயா. அவர் கையில் ஒரு நீளமான வெள்ளைக் கயிற்றின் நுனி. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வரிசையாக. பொலிஸ்காரர் சந்தியில் கையைக் காட்டுவார். மோட்டார் வண்டிகள் நிற்கும், றிக்‌ஷாக்கள் நிற்கும், பஸ் நிற்கும். சனம் தொப்பியைக் கழற்றும். கச்சேரியில் அத்தனை வருடம் மற்றவர்களுக்காக எழுந்து நின்ற மனிதருக்காக அன்றைக்குக் கண்டி பட்டணமே நின்றது. அதற்காகத்தான் அவர் சங்கத்தை நடத்தினார் என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஊர்வலத்துக்கும் மண்டபக் கூட்டத்துக்கும் பழக்கம் வேண்டும் என்று முன்னதாகவே தினமும் பின்னேரம் முற்றத்தில் ஒத்திகை வைப்பார். நீள வாங்குப் பலகையில் எல்லோரையும் வரிசையாக இருத்துவார். தோளில் ஒருதரம் கை பட்டால் எழும்ப வேண்டும். இரண்டு தரம் பட்டால் இருக்க வேண்டும். வாயால் சொல்லமாட்டார், சொன்னால் பார்க்க வடிவில்லையாம். எழும்பப் பிந்தியவர்களுக்குத் திரும்பத் திரும்ப. யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாலும், வாயில் வெற்றிலை இருந்தாலும், கை பட்டதும் எழும்ப வேண்டும். எழும்பினார்கள். தூக்கக் கலக்கத்தில்கூட எழும்புவார்கள் என்று நானா சொல்வார். அதைப் பகிடியாகத்தான் சொன்னார்.

ராமாயி அந்த வீட்டுக்கு வந்தது ஓர் ஊர்வலத்துக்குச் சில மாதம் முன்பு. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். இரண்டு கண்ணும் மெல்ல மெல்ல மங்கி, கொழுந்தோடு முற்றின இலையையும் சேர்த்துக் கிள்ளத் தொடங்கியபோது கங்காணி அவளை நிறுத்திவிட்டார். புருஷன் இல்லை. தோட்டத்து லயத்தில் அவளுடைய காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், மகள் இருந்தாள். கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு அடுத்த வருடச் சித்திரைக்குள் வந்தால் தோட்டத்துப் பேரேட்டில் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் காம்பிராவை விட வேண்டும் என்பது கங்காணியின் பேச்சு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அந்த அடுப்பு தன் அடுப்பாக இருக்க வேண்டும் என்பது ராமாயியின் பேச்சு.

"சங்கத்துச் சோறு நல்லாத்தான் இருக்கு மிஸ்ஸி. ஆனா அது எங்கடுப்புல ஆக்குனது இல்லையே" என்பாள்.

நானாவோடு அவள் ஓயாமல் வாயாடுவாள். "நானா, நீங்க பின்னுற கதிரையில யாரு ஒக்காரப் போறா? ஓட்ட ஓட்டயா இருக்கே!" "அது காத்து வாறத்துக்கு வெச்சது, அக்கா." செக்ரட்டரி ஐயாவின் சப்பாத்துச் சத்தம் வாசலில் கேட்டதும் வாயை மூடிக்கொள்வாள். தோட்டத்தில் துரைமாருக்கு முன்னால் வாய் மூடிப் பழகியவள்.

முதல் நாளே நான் அவள் கண்ணைப் பார்த்தேன். கண்மணியில் பால்போல வெள்ளை. ஜன்னலை மூடிவிட்டு மெழுகுதிரியைப் பிடித்து, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். மேலே, கீழே, வலது, இடது, எல்லாம் தவறாமல் காட்டினாள். உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது என்பது அதன் பொருள். கண்புரையை எடுத்தால் பார்வை வரும். கொழும்பிலிருந்து கண் டொக்டர் அவ்வப்போது ரயிலில் வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் இதைத்தான் செய்துவிட்டுப் போவார்.

டொக்டர் அடுத்து வரும் நாள் தெரியச் சில மாதம் ஆயிற்று; அதற்குள் ராமாயியும் தினமும் ஒத்திகையில் இருந்து எழும்பிப் பழகிவிட்டாள். நாள் தெரிந்ததும் செக்ரட்டரி ஐயாவிடம் சொன்னேன். அவர் முகம் தொங்கிப் போயிற்று.

"முழுக் குருடெண்டெல்லோ நினைச்சனான். கயித்திலை முதலாவதா இவவைத்தான் விடுறதெண்டு இருந்தனான். வெள்ளைக் கண், நல்ல உயரம், பாக்கிற சனத்துக்கு மனசு உருகும்."

"ஐயா, அடுத்த கிழமை டொக்டர் வர்றாரு. இவங்களக் கூட்டிட்டுப் போகலாம்."

"ஊர்வலம் முடியட்டும் பிள்ளை. இவ்வளவு நாளும் இருந்தவ, இன்னும் கொஞ்ச நாள் இருக்கமாட்டாவோ?"

இதெல்லாம் ராமாயிக்கு ஒரு முழம் தள்ளி நின்று பேசியது. அவர் போன பிறகு அவள் மெல்லக் கேட்டாள்: "அந்த டாக்டர் மறுபடி எப்ப வருவாரு மிஸ்ஸி?"

"சொல்ல முடியாது. மழைக்கு அப்புறமா இருக்கும்."

"அப்ப இப்பவே போவோம்."

போனோம். அதற்கு அவரிடம் அனுமதி கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அவள் ஒன்றும் அவருடைய கதிரை அல்ல.

ஆப்பரேசன் நன்றாக நடந்தது. முதலில் ஒரு கண். கருவிழியின் ஓரத்தில் வெட்டி, புரையை எடுத்துவிடுவார்கள். வெட்டினதற்குத் தையல் கிடையாது. கண் தானாகவே ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால் ஆப்பரேசனைவிட அதற்குப் பிந்திய நாட்கள்தான் முக்கியம். இரண்டு கண்ணையும் கட்டி, மல்லாக்கப் படுக்க வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணற்பை வைப்போம். தும்மக்கூடாது. இருமக்கூடாது. மெல்லக்கூடாது, கஞ்சியைக் குழாய்க் கோப்பையால் புகட்டுவோம். அழக்கூடாது, சிரிக்கக்கூடாது. முக்கியமாக, எழும்பக்கூடாது. ராமாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "செத்த பொணமாட்டம் கெடக்கணும், அம்புட்டுத்தானே" என்றாள். அப்படியே கிடந்தாள். அவளைப்போல ஒரு நோயாளியை நான் கண்டதில்லை.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் பின்னேரம், பார்வையாளர் நேரத்தில், செக்ரட்டரி ஐயா வார்டுக்கு வந்தார். நான் பக்கத்து அறையில் ஆயுதங்களைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கோட்டும் தலைப்பாகையுமாக வந்த மனிதரை வார்டுப் பணிப்பெண் தடுக்கவில்லை. அவர் ராமாயியின் கட்டிலண்டை போனார். பணிப்பெண் என்னிடம் பிறகு சொன்னது இதுதான்: அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. குனிந்து, அவள் தோளில் ஒருதரம் கை வைத்தார்.

அவள் எழும்பினாள்.

சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மணற்பை ஒன்று தரையில் கிடந்தது. கட்டுக்கு மேலாகக் கையை வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். செக்ரட்டரி ஐயா மகிழ்ச்சியாக இருந்தார்.

"பாத்தியே பிள்ளை, நல்லா எழும்புறா. நாளைக்கு ஊர்வலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். கண்ணைத்தானே கட்டியிருக்கு, காலைக் கட்டேல்லையே. இந்தக் கட்டோட வந்தா இன்னும் வடிவு."

நான் அவரை வெளியே போகச் சொன்னேன். என்ன குரலில் சொன்னேனோ, போனார்.

வெட்டு பிளந்து, உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்துவிட்டது. டொக்டர் கொழும்புக்குப் போய்விட்டார். இங்கிருந்த டொக்டர் செய்யக்கூடியதைச் செய்தார். அந்தக் கண் போயிற்று. அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கீழே றோட்டில் பேண்டு வாத்தியம் போனபோது ராமாயி வலியோடு படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்திரிக்கக் கூடாதுன்னு தெரியும் மிஸ்ஸி. நல்லாத் தெரியும். கை பட்டுச்சு. ஒடம்பு எந்திரிச்சிருச்சு" என்றாள். அதை மன்னிப்புக் கேட்கிறவளைப்போலச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முந்தின இரவே நான் சங்க வீட்டுக்குப் போய், நடந்ததை அவரிடம் விளக்கியிருந்தேன். வெட்டு, தையல் இல்லாதது, ஏன் அசையக்கூடாது, அவர் கை என்ன செய்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. அவர் கவனமாகக் கேட்டார். முடிவில், "அன்பா ஒருக்காத் தொட்டதுக்குக் கண் போகுமோ, பிள்ளை?" என்றார். உண்மையாகவே கேட்டார். 

மண்டபத்தில் அவர் பேசியதை நானா எனக்குச் சொன்னார். டொக்டர்மாரிடம் அவசரப்பட்டுப் போய்க் கண்ணை இழந்த ஒரு ஏழைப் பெண்ணைப் பற்றி உருக்கமாகப் பேசினாராம்.

"உங்கட டொக்டரப் பத்தி நல்லாக் கொற செல்லினார், மகள். சனமெல்லாம் உச்சுக்கொட்டிச்சு. ஒரு பெரிய எடத்து நோனா அழுத சத்தமும் கேட்டிச்சு."

"நீங்க என்ன செஞ்சீங்க நானா?"

"நான் எழும்பி வெளிய போய்ட்டேன். ஆரும் தோளுல தட்டாமலே எழும்பினேன். அவருக்கு அது வெளங்கினமாதிரி இல்ல."

மிஞ்சிய கண்ணைத் தொட டொக்டர் பல மாதம் யோசித்தார். ஒரு கண் அப்படிப் போனால் மற்றக் கண்ணும் கூடவே கெடுவது உண்டு. அந்த மாதங்களில் ராமாயி சங்க வீட்டில் இருக்கவில்லை. மஹய்யாவையிலேயே, நகரசபையில் வேலை செய்யும் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டாள். ஹுன்னஸ்கிரியவிலிருந்து மகள் இரண்டு தடவை ஆள் அனுப்பினாள்: கங்காணி காம்பிராவைக் கேட்கிறார், சித்திரை கிட்டுகிறது. இரண்டு தடவையும் ராமாயி, "வர்றேன்னு சொல்லு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். கடைசியில் டொக்டர், செய்யலாம் என்றார்.

அடுத்த ஊர்வலத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. இரண்டாவது கண்ணுக்கும் அதே கட்டு, அதே மணற்பை. நான் வார்டுப் பணிப்பெண்ணிடம் கோட்டும் தலைப்பாகையும் பற்றித் தெளிவாகச் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் அவர் இந்தத் தடவை தனியே வரவில்லை. கொழும்பிலிருந்து வந்திருந்த இரண்டு சீமாட்டிகளை ஆஸ்பத்திரி சுற்றிப் பார்க்க மேட்ரன் கூட்டி வந்தார். அவர்களுக்குப் பின்னால், ஒரு பை தோடம்பழத்தோடு, செக்ரட்டரி ஐயா. நான் அடுத்த கட்டிலில் ஒருத்திக்குத் துளிமருந்து விட்டுக்கொண்டிருந்தேன். திரும்புவதற்குள் அவர் ராமாயியின் தலைமாட்டுக்குப் போய்விட்டார்.

"இவதான் நான் சொன்ன அந்தப் பாவம்" என்று சீமாட்டிகளிடம் சொல்லிக்கொண்டே, அவளை எழுப்பிக் கும்பிட வைப்பதற்காக, பழக்கத்தில், கை அவள் தோளில் இறங்கியது.

ராமாயியின் கைகள் இரண்டும் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தன. நரம்பு புடைத்தது. போர்வைக்குக் கீழே கால்கள் விறைத்தன. தலை அசையவில்லை. மணற்பைகளுக்கு நடுவில் அது கல்லைப்போலக் கிடந்தது. உதட்டை அதிகம் அசைக்காமல், ஆனால் வார்டு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கைய எடுங்க, ஐயா."

அவள் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது. அவர் திடுக்கிட்டு, வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்.

"இவ என்ன சொல்லுறா, பிள்ளை?"

"கைய எடுக்கச் சொல்றாங்க, ஐயா."

அவர் கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அது அந்தரத்தில் நின்றது. பிறகு குடைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. தோடம்பழத்தைப் பக்கத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

கண் ஒட்டிக்கொண்டது. கட்டு அவிழ்த்து, கொஞ்ச நாளில் அவளுக்குத் தடித்த கண்ணாடி ஒன்று மாட்டினோம். அவள் முதலில் தன் கையைப் பார்த்தாள். விரல்களை மடக்கி, நீட்டி, இரண்டு விரலால் காற்றில் கொழுந்து கிள்ளிப் பார்த்தாள். பிறகு மருந்துக் குறிப்பில் என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இது எறும்பா, எழுத்தா?" என்று கேட்டாள்.

சித்திரைக்குச் சில நாள் முன்னதாகவே அவள் ஹுன்னஸ்கிரிய பஸ்சுக்குப் புறப்பட்டாள்; அன்று காலையில் ஊர்வலம். மருந்து வாங்க வந்தவளை நான்தான் மேல் விறாந்தையில் நிறுத்தி வைத்தேன். கீழே றோட்டில் பேண்டு வாத்தியம் வந்தது. பொலிஸ்காரர் கையைக் காட்டினார். ஒரு பஸ்சும் சில மோட்டார் வண்டிகளும் நின்றன. வெள்ளைக் கயிறு வந்தது. கயிற்றில் அங்கங்கே இடைவெளி இருந்தது. நானாவும் அந்த முறை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ராமாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கிச் சரிபண்ணிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"கயித்தப் புடிச்சுக்கிட்டு முன்னால போறது யாரு மிஸ்ஸி? அந்தக் குட்டை ஆளு?"

"அவர்தான். செக்ரட்டரி ஐயா."

"இவரா?"

அவர் எங்களைக் கடந்து போனார். நின்றுபோன பஸ்சைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, தலைப்பாகை கொஞ்சம் ஒரு பக்கம் சரிந்திருக்க. ராமாயி அவர் வளைவில் மறையும்வரை பார்த்தாள். பிறகு மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.